பரிபூரணத்தின் பிடி

ராஜபாளையத்துப் பஞ்சாலைக் கிட்டங்கியின் ஓடுகள்மேல், வாகை இலைகளின் இடைவெளியில் காலை வெயில் புள்ளி புள்ளியாய் விழுகிறது. ஓடுகளுக்கு நேர் மேலே நீண்டிருக்கும் கிளையைத் தவசிமுத்து மரத்தில் அமர்ந்து ரம்பத்தால் அறுக்கிறான். கிளையில் கட்டிய கயிறு மேல்கவட்டையில் ஏறி இறங்கி, அடிமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் மனைவி பரிபூரணத்தின் கைக்கு வருகிறது. நனைத்த தேங்காய் நார்க் கயிறு. ஆலை முதலாளி மதுரையில் வாங்கிவந்த நீல நைலான் கயிறு கட்டுப் பிரிக்காமல் அவள் காலடியில் கிடக்கிறது. “பொம்பளை பிடிக்கிற கயிறா இது? லோடுமேன் ரெண்டு பேரு வரட்டும். புதுக் கயித்தக் கட்டு,” என்கிறார் முதலாளி. “நைலான் ரப்பரு மாதிரி இழுபடும் மொதலாளி. கெளை ஆடுச்சுன்னா மொத அடி மரத்துல இருக்கிற அவிய நெஞ்சுலதான். ரெண்டு சுத்துப் போட்டா மரமே பாதிக் கனத்தத் தாங்கும். லோடுமேனுக்கு அது தெரியாது. அவிய மேல இருக்கிறவரைக்கும் இதை நாந்தான் பிடிப்பேன்.”

எட்டு மணிச் சங்கு ஊதுகிறது. அது ஓயுமுன் மளுக்கென்று கிளை முறிகிறது. கயிறு விறைத்து, பட்டையில் கிறீச்சிட்டு நிற்கிறது. பரிபூரணம் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்கிறாள். ஓட்டுக்கு ஒரு சாண் மேலே, பருத்திப் பொதிக் கனத்தோடு கிளை தொங்குகிறது. காய்ந்த நெற்றுகள் கலகலவென்று ஓட்டில் உருள்கின்றன. பதறிய முதலாளி கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். “கைய எடுங்க,” என்கிறாள். எடுத்துவிடுகிறார். மேலே தவசிமுத்து கீழே பார்க்கவேயில்லை. ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கிளைக்குக் கால் மாற்றுகிறான்.