ஆன் இல்லை, வித்

“மை வைஃப் இஸ் ஆங்ரி ஆன் மீ.”

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். அவளும் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டாள். அந்த ‘ஆன்’ அசைந்து கொடுப்பதாக இல்லை.

சொன்னவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆள் உயரச் சரக்கை அலுங்காமல் தூக்கி மேல்தட்டில் வைப்பாராம். இந்தச் சின்னச் சொல்லை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைக்க மட்டும் வரவில்லை.

நாளைக்குப் புது மேனேஜர் எதிரில் அவர் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும். அந்த மேனேஜர் எல்லாரிடமும் வீட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பாராம்.

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, சாயங்காலம் பேட்டரிக் கடை மாடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரவும் கத்துகிறவள் டீச்சர். தொண்டைத்தண்ணீர் வற்றியிருந்தது. இன்றைக்கு ‘ஆங்ரி’ என்ற சொல். எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், ரோஷம் எதுவானாலும் அன்றாடப் பேச்சுக்கு இது ஒன்றே போதும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் மாமியாரை வைத்தே மளமளவென்று நாலைந்து வாக்கியம் சொல்லிவிட்டாள். ஒன்றில்கூடத் தப்பில்லை. டிரைவரிடம் இருந்தது ஒரே வாக்கியம்.

டீச்சர் அதைப் பலகையில் எழுதி, ‘ஆன்’ மேல் விரலை வைத்தாள்.

“தமிழ்ல ‘என் மேல’ கோவம். அதை அப்படியே தூக்கிட்டு வந்து ‘ஆன்’னு போடக்கூடாதுண்ணா. ஆள்கிட்ட கோவம்னா ‘வித்’.”

“வித்னா ‘கூட’தானே டீச்சர்?”

“ஆமா.”

அவர் யோசித்தார். “அவ கூட இல்லையே.”

அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். அவ்வளவு அலுப்பிலும் சிரிப்பு வந்தது.

“அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்துக்கிட்டாலும் ‘வித்’தான்.”

“போய்க் கையில கால்ல விழுந்து கூட்டிட்டு வாங்கண்ணா. தானா ‘வித்’ ஆயிடும்,” என்றாள் அழகு நிலையப் பெண்.

வகுப்பே சிரித்தது. மரியாதைக்கு அவரும் சிரித்தார். பிறகு பேனா மூடியைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“அன்னிக்குக் காலைல சண்டை. மூஞ்சியக் கூடப் பாக்காம வேலைக்கு வந்துட்டேன். மத்தியானம் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு டீச்சர்.”

அழகு நிலையப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஆறுதலாக நாலு வார்த்தை டீச்சருக்கு எந்த மொழியிலும் சட்டென்று வந்ததில்லை. இத்தனை வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது தப்பைத் திருத்துவது மட்டும்தான். கை தானாக டஸ்டரை எடுத்தது.

‘ஆன்’ என்பதை அழித்துவிட்டு ‘வித்’ என்று எழுதினாள்.

இன்னும் ஒரு தப்பு பாக்கி இருந்தது. இறந்தவர்களுக்கு இறந்தகாலம்தான் போட வேண்டும். நாளைக்கு மேனேஜர் மனைவியைப் பற்றி மேற்கொண்டு ஏதாவது கேட்டால் மனிதர் மாட்டிக்கொள்வார். அவள் டஸ்டரை ‘இஸ்’ பக்கம் கொண்டுபோனாள்.

“அதை அழிக்காதீங்க டீச்சர்,” என்றார் அவர். “கோவமாவாவது இருக்கட்டும்.”