வெறும் வயிறு

ஆய்வகக் குரங்குகளுக்குத் தீனி வைக்கும் செங்கமலம் கூண்டின் முன்னால் வெறுங்கையோடு நின்றாள்.

பதினேழாம் எண் குரங்கு அந்தக் கையையே பார்த்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அதற்கு ஒன்றும் கிடையாது. மயக்க ஊசி போடும் நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

இன்று அதை எழுப்பப்போவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் இருபது குரங்குகளுக்கு எச்.ஐ.வி. கிருமியைக் குரங்குக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஏற்றினார்கள். அது லேசுப்பட்ட கிருமியா? உடம்பு ஒரு வேஷத்தை அடையாளம் காண்பதற்குள் அடுத்த வேஷம் கட்டிவிடும். பத்தொன்பது குரங்குகள் ஏமாந்தன.

இது ஏமாறவில்லை. என்ன வேஷம் கட்டினாலும் கிருமியால் மாற்றிக்கொள்ளவே முடியாத ஓர் இடம் உண்டாம். இதன் ரத்தம் நேராக அங்கேயே போய்ப் பிடித்தது. எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனிதர்களுக்குத் தடுப்பூசி செய்ய வழி பிறக்குமாம். போன வாரம் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். அவளுக்கும் ஒரு துண்டு வந்தது.

தின்று முடித்த பிறகுதான் சொன்னார்கள், இதன் மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் முழுசாக வேண்டும் என்று.

ஒன்றுக்கும் உதவாத பத்தொன்பதும் பக்கத்துக் கூண்டுகளில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தன.

நல்ல நியாயம்!

டாக்டர் வைதேகி ஊசியோடு வந்தார்.

"காலைல இதுக்கு ஒண்ணும் குடுத்துடலையே, செங்கமலம்மா?"

குடுத்துட்டேன் என்று ஒரு பொய் போதும். இன்றைக்குத் தப்பிக்கும். நாளைக்கும் அதே பொய் செல்லாது. இருந்தாலும் ஒரு நாள், ஒரு நாள்தானே.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவளுடைய மகள் பூவிழி நாலு வயதில் போனாள். இதே கிருமி. தாயின் ரத்தத்திலிருந்தே பிள்ளைக்குப் போனது. இங்கே யாருக்கும் அது தெரியாது. பெற்றதோடு நிறுத்தாமல் அதையும் சேர்த்துக் கொடுத்தேனே பாவி என்று ஒன்பது வருடமாக அவளுக்கு வயிறு எரிகிறது.

இன்னொருத்தி பிள்ளைக்கு அது போகக் கூடாது.

"இல்ல மேடம். வெறும் வயிறுதான்."

அவள் குரல் கேட்டதும் குரங்கு திரும்பி, தொடையைக் கம்பியோடு ஒட்டிக் காட்டியது. மல்லுக்கட்டாமல் ஊசி போட்டுக்கொள்ள அவள்தான் அதைப் பழக்கியிருந்தாள். ஆறு மாதம் பிடித்தது.

"சமத்து" என்றார் டாக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் மேல் இல்லை. தன் மேல்தான்.

ஊசி இறங்கியது. குரங்கு கையை வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்தது. ஓர் ஊசிக்கு ஒரு கடலை. அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

மடியில் கடலை இருந்தது. ஆனால், மயக்கம் ஏறும்போது தின்றால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மயக்க ஊசி என்றால் மட்டும் பிறகுதான் கொடுப்பாள். எத்தனையோ தடவை அப்படித்தான் கொடுத்திருக்கிறாள்.

"கொஞ்சம் பொறுடா. தெளிஞ்சதும் தர்றேன்."

பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

குரங்கு கையை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டது.