உள்தாழ்ப்பாள்

"உள் ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும். உள்பக்கமா."

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை மட்டும் நின்றது. எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று சின்ன வயதிலிருந்து என் வாயைப் பொத்திய கை.

அத்தைதான் முதலில் பேசினாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னடி பண்ணப் போறே? அடைகாக்கப் போறியா?"

அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்துத்தான் கெட்டுப்போனேன் என்பது அவள் கட்சி.

கைப்பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துத் தரையில் வைத்தேன். பித்தளை. கூடவே ஸ்க்ரூ பொட்டலம், ஒரு திருப்புளி.

அப்பா ஒரு லாட்ஜில் சூப்பர்வைசர். அம்மா கல்யாணமாகி வந்த வருஷம், அங்கே ஓர் அறையில் தட்டத் தட்டப் பதில் வரவில்லை. அவர்தான் தோளால் இடித்துக் கதவை உடைத்தார். உள்ளே ஒரு பெண், உயிர் போயிருந்தது. இப்போது எனக்கு இருக்கும் வயதுதான் இருக்குமாம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், சாப்பிடக்கூட உட்காராமல், இருந்த தாழ்ப்பாளையெல்லாம் கழற்றித் தெருவில் எறிந்தாராம்.

கேட்டுக் கேட்டுச் சலித்த கதை. அவர்மேல் இரக்கம் இருந்தது. அது தீர்ந்து ரொம்ப நாளாகிறது.

சாத்த முடியாத கதவுக்குத் தகுந்தபடி உடம்பே மாறிவிடும். அம்மா பீரோவைத் திறந்து, அந்தக் கதவு மறைவில் ஒரே மூச்சில் உடை மாற்றிவிடுவாள். குளியலறைக்கு ஒரு கம்பிக் கொக்கி. வெளியே நின்று விரலால் தூக்கிவிடலாம். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைவதற்குள் அழுது முடித்து வெளியே வந்துவிடுவாள். நான் தூக்கத்தில்கூடக் காலை நீட்டியதில்லை.

எவ்வளவு அடக்கம் பார் என்று பக்கத்து வீடுகளில் எங்களை மெச்சுவார்கள். பிறவிக் குணமாம்.

கதவோரம் மண்டியிட்டு முதல் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினேன்.

"அவளுக்குக் கிறுக்கு. நீங்க கிளம்புங்க, நேரமாச்சு" என்றாள் அம்மா.

அப்பா கிளம்பவில்லை. ஒற்றை ஷூவோடு வந்து என் பின்னால் நின்றார். நான் முதுகை இறுக்கிக்கொண்டேன்.

"கோணலா ஏத்தறே."

திருகிக்கொண்டே இருந்தேன்.

"மரம் பிளந்துடும். நகரு."

லாட்ஜில் ஒரு கைப்பிடி ஆடினாலும் அவர் கைபட்டுத்தான் சரியாக வேண்டும். கோணலாக ஏறும் ஸ்க்ரூவை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

கோணலாகத்தான் ஏற்றினேன்.

அப்பா திருப்புளியைப் பிடுங்கி, நான் ஏற்றியதைக் கழற்றினார். பழைய துளைகளில் மெழுகு அடைத்திருந்தது. அவரே அடைத்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார். தாழ்ப்பாளை அதே இடத்தில் பொருத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவாக நேராக இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு வருகிற வியர்வை இல்லை அது.

ஒருமுறை போட்டுப் பார்த்தார். உடனே திறந்துவிட்டார்.

"நான் தட்டினா ஒரு குரல் கொடுக்கணும். அந்த நிமிஷமே. தெரியுதா?"

"அம்மாகிட்ட சொல்லுங்க."

"அவகிட்ட எதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மடித்த துணியைக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.



எனக்குக் கிடைத்த வெளியூர் வேலை வேண்டாம் என்று அப்பா போன வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வந்து சேருகிறேன் என்று நான் அந்தக் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் பெட்டி கட்ட மறைவு ஏது? என் துணிகள் தினம் ஒன்றிரண்டாகக் கைப்பையில் போய், தோழியின் அறையில் சேர்ந்துவிட்டன. பஸ் மத்தியானம். அந்த உள் அறையில் இனி நான் படுக்கப் போவதில்லை.

"அந்த வேலையில சேரப் போறேம்பா. இன்னைக்கே கிளம்பறேன்."

கேட்டதா என்று தெரியவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மேலே போயிற்று. தட்டினார்.

சத்தமில்லை.

இன்னொரு தரம் தட்டினார். தோள் தானாகவே கதவுப் பக்கம் சாய்ந்தது.

"இருக்கேன்" என்றது உள்ளேயிருந்து. பதற்றமில்லாத குரல். இப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "கொஞ்ச நேரம் ஆகும்."

அவளிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டுமென்றால் அவள் எழுந்து வந்து திறக்க வேண்டும்.

திறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.