கைய வுடாதீங்கக்கா

"இவ்ளோ பயம்னா எதுக்குடி மலைக்கு வந்த?" சசிகலா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

செவ்வந்தி நதியாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். உள்ளங்கை முழுக்க வியர்வை.

"கைய வுடாதீங்கக்கா. எனக்கு பயமா இருக்கு."

நதியாவுக்கு எரிச்சலாக வந்தது. மூவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. நதியாவை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தவள் சசிகலா. இந்தச் செவ்வந்தி கம்பெனிக்குப் புதிது, ஹாஸ்டலில் இருப்பவள். கடைசி நேரத்தில் "நானும் வர்றேங்க்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

நான்கு வருஷம் பழகிய நவீன்குமார் தை மாதம் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பத்திரிகை நதியாவுக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை; கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். "மலைக்குப் போய்ட்டு வந்தா மனசு மாறும்டி" என்றாள் சசிகலா.

நதியா சரியென்றது மனசு மாறுவதற்காக இல்லை. உச்சியில் ஒரு பாறை இருக்கிறது, விளிம்பில் நின்றால் கீழே தரையே தெரியாது என்று சசிகலா சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் சரியென்றாள்.

பாதை குறுகிக்கொண்டே போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துக்குள்ளிருந்து பனி மேலே ஏறி வந்தது. பகல் பதினோரு மணிக்கே பத்தடி தூரத்தில் இருப்பது தெரியவில்லை. கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது கீழே போய் விழுந்த சத்தம் வரவேயில்லை.

நதியா பாறைப் பக்கமாக ஒதுங்கி நடந்தாள். இதற்குத்தானே வந்தோம், பிறகு ஏன் ஒதுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

உச்சிக்கு வந்தார்கள். காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. சசிகலா போட்டோ எடுக்கச் சற்றுத் தள்ளிப் போனாள்.

"செவ்வந்தி, நீ போய் சசிகூட உக்காரு" என்றாள் நதியா.

"இல்லக்கா."

"ஒரு அஞ்சு நிமிஷம் என்னத் தனியா வுடேன்."

"முடியாதுக்கா. எனக்கு பயமா இருக்கு."

"உனக்குப் பயம்னா நான் இன்னா பண்றது? கைய எடு."

நதியா வெடுக்கென்று உதறினாள். செவ்வந்தி விடவில்லை. உதறிய வேகத்தில் நதியாவின் செருப்பு ஈரப் பாசியில் வழுக்கியது. ஒரு கால் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. அடியில் எதுவும் இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும்.

"வுட்றாதடி... செவ்வந்தி, வுட்றாத."

யார் கத்துவது என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. அவள் குரல்தான்.

செவ்வந்தி குதிகாலைப் பாறைப் பிளவில் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். நதியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நவீன்குமாருக்காக அழுத அழுகை இல்லை அது. கை, கால், மூச்சு எல்லாம் இன்னும் தன்னிடமே இருக்கிறது என்ற அழுகை.

சசிகலா ஓடி வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உன்னாலதாண்டி இவ வழுக்கினா. பயந்தாங்கொள்ளி, கையப் புடிச்சுத் தொங்கிக்கினே வந்த. இனிமே எங்கயும் உன்னக் கூட்டிக்கினு வர மாட்டேன்."

செவ்வந்தி தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். இறங்கும்போதும் நதியாவின் கையை விடவில்லை. இப்போது நதியாவும் விடவில்லை.

அடிவாரத்தில் ஜீப் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் டம்ளரை நீட்டியவள், செவ்வந்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"செவ்வந்திதான? சம்பூர்ணம் பெரியம்மாவ மறந்துட்டியா? எங்கடி போய்ட்டு வர்ற?"

"பாறைக்கு, பெரியம்மா."

"அந்தப் பாறைக்கா? நீயா?"

சசிகலா குறுக்கிட்டாள். "ஏங்க கேக்குறீங்க. நடுங்கிக்கினே வந்து இவளையும் தள்ளிவுடப் பாத்தா."

சம்பூர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவளா நடுங்குனா? இந்த ஊர்ப் பொண்ணும்மா இவ. ஆடு தப்பிப் போனா அந்தப் பாறை மேலயே ஓடிப் புடிப்பா. நாலு வருஷத்துக்கு முன்ன இவ அக்காவுக்கு நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணு அங்கதான் வுழுந்து போய்ட்டுது. அன்னியிலேர்ந்து இவ ஊரு பக்கமே வர்றதில்ல."

சசிகலாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

நதியா மெதுவாகக் கேட்டாள். "அப்போ உனக்கு இன்னா பயம், செவ்வந்தி?"

செவ்வந்தி மலையைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்தபடி சொன்னாள்.

"எங்கக்காவும் அன்னிக்கு அஞ்சு நிமிஷம் தனியா வுடுன்னுதான் கேட்டுச்சு. நான் வுட்டுட்டேங்க்கா."