மேல்தொட்டித் தண்ணீர்

“நேத்தோட மூணு வெள்ளிக்கிழம ஆச்சு. நீங்கள்லாம் குளிச்சு வுட்ட அழுக்குலதான் எங்க ஊட்டுக்காரர் கைய நனைக்கிறாரு. பின்ன எப்படி மொதலாளி ஆறும்?”

ஜெயம்மாள் தன் கணவன் கன்னியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, வாசல் கம்பிக்கு நேராக நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்து கிடந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவனுக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறும் தோல்களை நாளெல்லாம் புரட்டிப் போட வேண்டும். திங்கட்கிழமை குழியில் இறங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி நயீம் அகமது சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற வேதாசலம், அந்த மலையடிவாரத்து மருந்து ஊற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். சொறி, சிரங்கு, முட்டிவலி எல்லாம் நாற்பது முழுக்கில் பறந்துபோகும் என்று மதராஸ் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டிருந்தார். துரைமார்கூட ரயிலேறி வந்து பங்களாவில் தங்கிக் குளித்தார்கள்.

சரிவில் இரண்டு தொட்டிகள். ஊற்றின் வாயிலேயே கட்டிய மேல்தொட்டி துரைமாருக்கும் பெரிய மனிதர்களுக்கும். அதில் நிரம்பி வழிவது கால்வாயில் ஓடிக் கீழ்த்தொட்டியில் விழும். அதுதான் தோல் ஷாப்பு ஆட்களுக்கு. அதுவும் ஷாப்பு லீவான வெள்ளிக்கிழமை மட்டும்.

மேல்தொட்டியில் கை மட்டும் நனைத்துக்கொள்ளட்டும், இன்றும் நாளையும் போதும் என்று ஜெயம்மாள் முதலில் கெஞ்சித்தான் பார்த்தாள். வேதாசலம் சிரித்தார்.

“தண்ணி மேலேர்ந்து கீழதாம்மா வரும். மனுசனும் அப்படித்தான். அவனவன் எடத்துல அவனவன் குளிக்கணும்.”

“வீரியத்த எல்லாம் மேல இருக்கறவங்க உறிஞ்சிக்கினு சக்கைய எங்களுக்கு வுடுறீங்க. அவங்க காலுல போட்டுக்கினு இருக்கற பூட்ஸு யாரு கைல பதம் பண்ண தோலு? அந்தக் கை பட்டா மட்டும் தண்ணி கெட்டுடுமா?”

கன்னியப்பன் அவள் முந்தானையை இழுத்தான். “வா ஜெயா, போய்டலாம். வீணா பேஜாரு.”

“இன்னா பேஜாரு? திங்கக்கெழம வேல போனா அப்ப தெரியும் பேஜாரு.”

சத்தம் மேல்தொட்டிவரை போயிருக்க வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த மிட்டாதார் சுந்தரமூர்த்தி, ஈரத் துண்டோடு இறங்கி வந்தார். மலை, ஊற்று, பங்களா எல்லாமே அவருக்குச் சொந்தம். முட்டிவலிக்காக அன்றோடு இருபது நாளாக முங்கிக்கொண்டிருந்தார். விஷயம் என்னவென்று கேட்டார். வேதாசலம் சொன்னார். ஜெயம்மாள் கைகளைக் காட்டினாள். மிட்டாதார் அந்தக் கைகளைப் பார்க்கவேயில்லை.

“கீழ எடம் குடுத்ததே தப்பு” என்றார் வேதாசலத்திடம். “இன்னிக்கி கைய நனைக்கணும்பா. நாளைக்கி ஊரையே கூட்டிக்கினு வந்து நம்ம கூட முங்குவா. கீழ்த்தொட்டிய மண்ணு போட்டு மூடிடு. இவங்க யாரும் இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது.”

பங்களா தாழ்வாரத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் நல்ல யோசனை என்றார்கள். பூச்செடிக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்த ஆட்களை மிட்டாதாரே கைதட்டிக் கூப்பிட்டு, கூடையோடு வரச் சொன்னார்.

ஜெயம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாய் திறந்து நியாயம் கேட்டதற்கு, இருந்ததும் போகிறதே. அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். “ஐயோ, கேட்டது நானு. என்ன அடிங்க. எங்க ஜனங்க வயித்துல ஏன் மண்ணப் போடுறீங்க?”

யாரும் எதிர்பாராதபடி வேதாசலம் மிட்டாதாரின் முன்னால் போய் நின்றார். ஏழைகள் பாவம், தர்மத்துக்கு விட்டது, மூடினால் ஊர் ஏசும் என்று என்னென்னவோ சொன்னார். இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெயம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாக நினைத்துவிட்டோமோ, இந்த ஆளுக்கும் ஈரம் இருக்கிறதோ என்று கன்னியப்பனைப் பார்த்தாள்.

மிட்டாதார் அசையவில்லை. “அவங்களுக்குப் போயி நீ வக்காலத்தா? ஊம், கொட்டுங்கடா.”

முதல் கூடை மண் கீழ்த்தொட்டியில் விழுந்தது. தண்ணீர் கலங்கியது.

இரண்டாவது கூடை விழுவதற்குள் வேதாசலம் சரிகை வேட்டியோடு தொட்டிக்குள் குதித்துவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் கூடைக்காரர்களைத் தடுத்தார்.

“வேணாங்க எஜமான். இத மட்டும் மூடாதீங்க.”

“உனக்கின்னா பைத்தியமா? தோல் ஷாப்புக்காரன் தொட்டி மூடினா உனக்கின்னா நஷ்டம்?”

வேதாசலம் ஜெயம்மாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“மேல ஊத்து வத்திப்போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க. இப்ப இந்தத் தொட்டியிலதான் ஊறுது. தெனம் விடியறதுக்குள்ள ஆள வெச்சு இங்கேர்ந்து எறைச்சுத்தான் மேல ரொப்புறோம். இப்ப நீங்க முங்கி எழுந்து வந்தது, நேத்து இவங்க குளிச்ச தண்ணிதாங்க.”