செப்பு ஆணிகள்

“அதத் தொடாத அம்சா. அது நல்லாத்தான் இருக்குது. பக்கத்து இடுக்கப் பாரு.”

“பக்கத்துது நேத்தே பாத்தாச்சுண்ணா. தண்ணி இதுலருந்துதான் வருது.”

“வேணான்னா வுடும்மா.”

அம்சா உளியைக் கீழே போட்டுவிட்டுப் படகின் அடியிலேயே மண்ணில் உட்கார்ந்தாள். மூன்று நாட்களாக இதே பேச்சு. சொட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது அவள் தோளில் விழுந்தது.

அண்ணன் வேலாயுதம் தகரக் கொட்டகையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். தை மாதம் வாதம் வந்ததிலிருந்து இடது கை மடியில் வைத்த இடத்திலேயே கிடந்தது.

படகு இருபத்திரண்டு அடி. பஸ் பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டுப் பின்மனையில் அவரே கட்டியது. நடுவில் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஓர் அறை. அறைக்குப் பழைய பஸ்ஸின் கண்ணாடி ஜன்னல்கள். கடலுக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கும் ஊரில், அந்த ஜன்னல்களில் முருங்கை மரம்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. முட்டுக்காட்டில் இறக்கி, ஒரே ஒரு தடவை தண்ணீரின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் அண்ணனுக்கு. அறைக்குப் பாலிஷ் போடத்தான் தங்கையைக் கூப்பிட்டார். இப்போது அவள் பிழைப்பும் அதுதான். படகு ஒழுகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்தொன்பது வருஷம் காய்ந்த பலகை. உள்ளே தண்ணீரை நிரப்பி வைத்தால் மரம் ஊதி இடுக்குகள் தாமாக மூடிக்கொள்ளும். மூடாத இடம் சொட்டும். அங்கே பழைய அடைப்பை நோண்டி எடுத்துவிட்டு, எண்ணெயில் தோய்த்த பஞ்சை அடிக்க வேண்டும்.

காலையில் பக்கத்து வீட்டு முனிசாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். “இன்னாபா, பாலாத்துல தண்ணி வரலன்னு கப்பலுக்குள்ள ஊத்திக்கினு இருக்கியா?”

அண்ணன் சிரித்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி சிரிக்கவில்லை.

பொன்னி அண்ணி அம்சாவிடம் பேசுகிறாள் என்றும் சொல்ல முடியாது, பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. டீ வேணுமா. சாப்பிட வா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அம்சா வந்த நாளிலிருந்து பீரோ சாவிக் கொத்து மட்டும் அண்ணியின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவள் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வரும்.

அந்த பீரோவிலிருந்துதான், பத்தொன்பது வருஷத்துக்கு முன், அண்ணியின் முகூர்த்தப் புடவை காணாமல் போனது. கிளிப்பச்சை உடல், அதில் வெண்பட்டு அன்னங்கள், அகலமான ஜரிகைக் கரை. அம்சாவே தறியில் உட்கார்ந்து நெய்தது. ஓர் அன்னத்துக்குக் கண் விழாமல் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“நெய்ஞ்சவளுக்குத் தெரியாதா, அதுல எவ்ளோ வெள்ளி இருக்குதுன்னு” என்று கேட்டபடியே அண்ணி அம்சாவுடைய டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தாள்.

அண்ணன் அப்போது பின்மனையில், படகின் மேல் இருந்தார். சுத்தியல் சத்தம் நிற்கவே இல்லை. இரும்பு துருப்பிடித்துவிடும் என்று எங்கிருந்தோ காசு புரட்டி ஒரு பை நிறையச் செப்பு ஆணி வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் காதில் விழவில்லை என்றுதான் அம்சா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

மறுநாள் பெட்டியோடு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அவள் கிளம்பிப் போன அந்த மாதத்தோடு அண்ணன் படகைத் தொடுவதை விட்டுவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பல வருஷங்கள் அந்த நினைப்பில் ஓடின.

சொட்டு மறுபடியும் தோளில் விழுந்தது.

இடுப்பு விட்டுப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை வரை இதையே பேசிக்கொண்டிருக்கவும் தெம்பில்லை. அம்சா உளியை எடுத்து அந்த இடுக்கில் வைத்துத் தட்டினாள்.

“அம்சா.”

அவள் நிறுத்தவில்லை. குங்கிலியப் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பின்னால் பஞ்சு இல்லை. முறுக்கித் திணித்த துணி. கொக்கியை உள்ளே விட்டு இழுத்தாள். ஈரத்தோடு ஒரு முழம் வந்தது. பிறகு இன்னொரு முழம்.

பட்டு. எவ்வளவு ஊறினாலும் பஞ்சு மாதிரி ஊதி அடைக்காது. அதுதான் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

மடியில் விரித்து விரலால் தேய்த்தாள். எண்ணெய்க் கறுப்புக்கு அடியிலிருந்து கிளிப்பச்சை வந்தது. கரை இல்லை. ஜரிகையை உருக்க விற்பவர்கள் வெட்டுவதுபோல, கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. வரிசையாக அன்னங்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவதற்குக் கண் இல்லை.

அம்சா தலையைத் தூக்கினாள். முகத்துக்கு நேரே பலகை நெடுகச் செப்பு ஆணிகளின் தலைகள். காலையில்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாள். கடையிலிருந்து இன்றுதான் வாங்கி வந்ததுபோல எல்லாம் பளபளத்தன.

வீட்டுப் பக்கமிருந்து சாவிச் சத்தம் கேட்டது. டீ நேரம்.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. நல்ல கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

“அத... திரும்ப உள்ளயே வெச்சு அடைச்சிடும்மா.”