நூறு வளையம்

“இந்தச் சங்கிலிக் கவசம் இருக்கே,” என்று ஆரம்பித்தார் வெண்டல். வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னார்.

நாற்பது பேரும் ஒருசேர நார்பர்ட்டைப் பார்த்தார்கள்.

ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு வாள் சுற்றுகிற கூட்டம் அது. பல் டாக்டர், தபால்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மாள் எல்லோரும் உண்டு. முப்பது வருஷமாக அவர்களுடைய வாயைத் திருத்தி வருகிறவர் நார்பர்ட்.

கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். தூங்குகிறார் என்று நம்பினால் தொலைந்தோம். கண்ணைத் திறக்காமலே, “சங்கிலி நாயைக் கட்டுறதுக்கு. இது வளையக் கவசம்” என்பார்.

தண்டனையும் உண்டு. ஒரு தப்புக்கு நூறு இரும்பு வளையங்களைக் கோத்து, ஒவ்வொன்றிலும் குட்டி ஆணி அறைந்து கொடுக்க வேண்டும். விரலெல்லாம் புண்ணாகிவிடும். மனிதர் இப்படியே ஓசியில் இரண்டு சட்டை தேற்றிவிட்டார் என்று வெண்டலே கேலி செய்திருக்கிறார்.

அதெல்லாம் சண்டைக்கு முன்னால்.

போன கோடையில், ஊர்ச் சந்தையில், வெண்டல் தன் மேலங்கியைக் காட்டி ‘ஆணி வைத்த தோல் சட்டை’ என்று மைக்கில் சொன்னார். மகளும் வரப்போகிற மருமகனும் எதிரே நின்றிருந்தார்கள். நார்பர்ட் வந்து மைக்கைப் பிடுங்கினார். அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது, தோலுக்கு உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது, வெளியே தெரிவது அதைப் பிடித்திருக்கும் ஆணி, இதன் பெயர் பிரிகண்டைன் என்றார். ஊரே சிரித்தது.

இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று வந்தவர்தான் வெண்டல். பத்து மாதம் சொன்னபடியே இருந்தார். கிறிஸ்துமஸுக்கு நார்பர்ட்டிடமிருந்து அட்டை வந்தது. அதைப் பிரிக்கக்கூட இல்லை.

முந்தாநாள் நார்பர்ட்டின் மனைவி ஆர்டிஸ் போன் செய்து, நீங்கள்தான் பேச வேண்டும் என்றாள். அதனால்தான் வந்து நிற்கிறார்.

நார்பர்ட் வாய் திறக்கவில்லை. கண்கள் வழக்கம்போல மூடியிருந்தன.

சரியான வீம்புக்காரன்.

வெண்டலும் விடவில்லை. தலைக்கவசத்தை வாளி என்றார். அடுத்து, ‘தகட்டு வளையக் கவசம்’ என்றார். தகடு வேறு, வளையம் வேறு, இரண்டையும் ஒட்டவைத்துப் பேசினால் நார்பர்ட்டுக்குக் காதே சிவந்துவிடும்.

சிவக்கவில்லை.

“அப்புறம், என்னோட ஆணி வச்ச தோல் சட்டை,” என்றார்.

ஒரே ஒரு தடவை திருத்திவிடு. பத்து மாதத்துக்கும் சேர்த்துத் திட்டிக்கொள். மைக்கைக்கூடப் பிடுங்கிக்கொள்.

சவப்பெட்டிக்குள் நார்பர்ட் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். யாரோ அவருக்குத் தலையைத் தப்பான பக்கம் வகிடெடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். அதையும் அவர் திருத்தவில்லை.

வெண்டல் கையிலிருந்த தாளை மடித்தார்.

முன்வரிசையில் ஆர்டிஸ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக இதையெல்லாம் தகர டப்பா என்றே சொல்லி வந்தவள். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“பிரிகண்டைன், வெண்டல். மொத்தம் நாலு தப்பு. நானூறு வளையம்.”

வெண்டல் தலையாட்டினார்.

“வீட்டுக்கு வந்து உக்காந்து அடிச்சுக் குடுங்க. அவர் பண்ணிட்டிருந்த சட்டைல இன்னும் ஒரு கை பாக்கி. உங்க தொப்பைக்கு அளவு வச்சுதான் பண்ணிட்டிருந்தாரு.”